மார்க்கோ போலோ பார்த்த கின்சாய் - தோற்றுப்போன ஒரு நகரத்தின் அன்றாட வாழ்க்கை

பள்ளிப் பாடப்புத்தகத்தில் மார்க்கோ போலோவுக்கு இரண்டு வரி இருக்கும். "வெனிஸ் நகரத்துப் பயணி. பாண்டிய நாட்டுக்கு வந்தார், காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதினார்." தேர்வுக்கு அது போதும். ஆனால் அவர் புத்தகத்தில் மிக நீளமாக, ரசித்து ரசித்துச் சொன்ன ஊர் காயல் இல்லை. அவர் பிறந்த வெனிஸும் இல்லை. சீனாவில் இருக்கும் கின்சாய் என்ற நகரம்.

கின்சாய் என்றால் யாருக்கும் தெரியாது. ஹாங்சோ என்றால் தெரியும். 2023ல் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்ததே, இந்தியா 107 பதக்கம் வாங்கியதே, அதே ஊர்தான். எழுநூற்று முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன்னால் அந்த ஊரின் தெருவில் என்ன விற்றது, மக்கள் எப்படிக் குளித்தார்கள், ராத்திரியில் யார் காவல் காத்தார்கள் என்பதெல்லாம் நமக்கு இன்றைக்கும் தெரிகிறது. அதற்கு ஒரு காரணம் இந்த வெளியூர்க்காரர்.

இந்தக் கட்டுரையில் போலோவின் பயணப் பாதையையோ குப்லாய் கானின் பெருமையையோ சொல்லப் போவதில்லை. ஒரு அந்நியர் ஒரு பெரிய நகரத்துக்குள் நடந்து போனால் அவர் கண்ணில் எது படுகிறது, எது படாமல் போகிறது என்று மட்டும் பார்க்கலாம்.

பெயரே 'தற்காலிகம்'

முதலில் கொஞ்சம் பின்னணி. சீனாவை ஆண்ட சோங் வம்சத்தின் தலைநகர் வடக்கே கைஃபெங்கில் இருந்தது. 1127ல் ஜுர்சென் படைகள் அதைப் பிடித்துக்கொண்டன. பேரரசரையும் அவருடைய தந்தையையும் கைதியாகக் கொண்டுபோய்விட்டார்கள். தப்பித்த ஒரு இளவரசர் தெற்கே ஓடிவந்து ஆட்சியைத் தொடர்ந்தார். அலைந்து திரிந்து, 1138ல் ஹாங்சோவில் நிலையாகத் தங்கினார்.

ஆனால் அதைத் தலைநகர் என்று சொல்ல அவர்களுக்கு மனம் வரவில்லை. 'சிங்ஜாய்' என்றே சொன்னார்கள். பேரரசர் பயணத்தில் தங்கியிருக்கும் இடம் என்று பொருள். அதாவது, என்றைக்காவது வடக்கே திரும்பிப் போகப் போகிறோம், அதுவரை இங்கே இருக்கிறோம், அவ்வளவுதான். அந்த 'அதுவரை' ஏறக்குறைய 140 வருடம் நீடித்தது. வடக்கே திரும்பவே இல்லை. சிங்ஜாய் என்ற சொல்தான் வெளிநாட்டு வணிகர்கள் வாயில் கின்சாய் ஆனது என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். போலோ அதற்கு 'சொர்க்க நகரம்' என்று அர்த்தம் சொல்கிறார். மேலே சொர்க்கம், பூமியில் சூசோவும் ஹாங்சோவும் என்ற கருத்தில் சீனர்களிடம் ஒரு பழமொழி உண்டு. அதைக் கேட்டுக் குழம்பியிருக்கலாம்.

இந்தத் தற்காலிக ஊரில்தான் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அப்போது ஐரோப்பாவின் பெரிய நகரங்களில் ஒன்றான வெனிஸில் லட்சம் பேர் இருந்தாலே அதிகம்.

1276ல் குப்லாய் கானின் தளபதி பயான் ஹாங்சோவின் வாசலுக்கு வந்தார். அரியணையில் இருந்தது ஐந்து வயதுகூட நிரம்பாத ஒரு குழந்தை. பாட்டி ஸ்தானத்தில் இருந்த மூத்த ராணி சண்டை போடாமல் நகரத்தை ஒப்படைத்தார். பயான் கொள்ளையடிக்க அனுமதிக்கவில்லை. குழந்தைப் பேரரசரை வடக்கே கொண்டு போனார்கள். அவர் பின்னாளில் திபெத்துக்கு அனுப்பப்பட்டுப் பௌத்தத் துறவியானார். அரசன் போய்விட்டான், ஊர் மட்டும் முழுசாக அப்படியே நின்றது. போலோ பார்த்தது இந்த ஊரைத்தான்.

பார்த்தவர் யார்?

1254ல் பிறந்த போலோ, அப்பாவோடும் சித்தப்பாவோடும் 1275 வாக்கில் குப்லாயின் அரசவைக்குப் போய்ச் சேர்ந்தார். சுமார் 17 வருடம் கானின் சேவையில் இருந்தார். கின்சாய்க்குப் பல முறை போனதாகச் சொல்கிறார். ஊர் திரும்பிய பிறகு, வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த சண்டையில் பிடிபட்டுச் சிறையில் இருந்தபோது, 1298ல், உடன் இருந்த ருஸ்டிக்கெல்லோ என்ற கதை எழுத்தாளரிடம் தன் அனுபவங்களைச் சொல்லச் சொல்ல, அவர் எழுதியதுதான் அந்தப் புத்தகம்.

ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். போலோ கையால் எழுதிய மூலம் என்று எதுவும் கிடைக்கவில்லை. பல மொழிகளில் பல கையெழுத்துப் பிரதிகள்தான் உண்டு. கின்சாயின் சந்தைகளையும் குளியல் அறைகளையும் பற்றிய சுவையான பகுதிகள் பல, ரமூசியோ என்ற வெனிஸ் அறிஞர் தயாரித்து 1559ல் அச்சில் வந்த பதிப்பில்தான் விரிவாக இருக்கின்றன. இப்போது தொலைந்துபோன ஒரு பழைய பிரதி அவரிடம் இருந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். நல்லவேளையாக, சரிபார்க்க நமக்கு இன்னொரு வழி இருக்கிறது. அதே ஊர்க்காரர்கள் சீன மொழியில் எழுதிய குறிப்புகள். அதைப் பிறகு பார்ப்போம்.

தெருவும் வாய்க்காலும்

வெனிஸ்காரருக்கு முதலில் கண்ணில் பட்டது எதுவாக இருக்கும்? தண்ணீரும் பாலமும்தான்! ஒரு பக்கம் பெரிய ஏரி, இன்னொரு பக்கம் பெரிய ஆறு, நடுவில் ஊர் முழுக்க வாய்க்கால்கள். தெரு வழியாகவும் போகலாம், படகிலும் போகலாம் என்கிறார். கல் பாலங்கள் மட்டும் 12,000 என்று ஒரு போடு போடுகிறார். பாலங்கள் உயரமாக வளைந்திருப்பதால் கீழே பாய்மரத்தோடு படகு போகுமாம், மேலே வண்டியும் குதிரையும் சிரமமில்லாமல் ஏறி இறங்குமாம்.

தெருக்களைப் பற்றி அவர் சொல்வது இன்னும் நுணுக்கம். ஊரின் குறுக்கே ஓடும் பெரிய சாலை நாற்பது தப்படி அகலம். இரண்டு ஓரமும் பத்துப் பத்துத் தப்படிக்குக் கல்லும் செங்கல்லும் பாவியிருக்கிறது. நடுவில் சரளைக்கல் போட்டு, மழைத் தண்ணீர் அடியில் வடிந்து வாய்க்காலுக்குப் போக வழி செய்திருக்கிறார்கள். அதனால் எப்போதும் காலில் சேறு ஒட்டாது. அந்தச் சாலையில் திரைச்சீலையும் பட்டு மெத்தையும் வைத்த நீளமான வண்டிகள் ஓடுகின்றன. ஒரு வண்டியில் ஆறு பேர் உட்காரலாம். வாடகைக்கு எடுத்துக்கொண்டு ஆண்களும் பெண்களும் தோட்டங்களுக்குப் போய்ப் பொழுது போக்குகிறார்கள். ஷேர் ஆட்டோவின் முப்பாட்டன் என்று வைத்துக்கொள்ளுங்கள் :-)

மழைநீர் வடிகாலைப் பார்த்து ஒரு பயணி ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். அந்த ஊர்க்காரருக்கு அது தினமும் மிதித்துப் போகும் தரை. சேற்றில் நடந்து பழகியவருக்குத்தான் அது அதிசயம்.

சந்தை நாள்

பெரிய சாலையை ஒட்டிப் பத்துப் பெரிய சதுக்கங்கள். ஒவ்வொன்றிலும் வாரத்துக்கு மூன்று நாள் சந்தை. நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் பேர் கூடுவார்களாம். மான், முயல், கௌதாரி, காடை, கோழி, வாத்து என்று எல்லாம் வருகிறது. ஒரு வெனிஸ் வெள்ளிக் காசுக்கு இரண்டு பெரிய வாத்தும் நான்கு சின்ன வாத்தும் வாங்கலாம் என்று விலையையும் சொல்கிறார். வணிகர் வீட்டுப் பிள்ளை அல்லவா, எங்கே போனாலும் விலை கேட்காமல் இருக்க மாட்டார்!

ஒரு பழம் பத்து பவுண்டு எடை இருக்கும் பேரிக்காய், உள்ளே மாவு போல வெள்ளை, நல்ல வாசனை என்கிறார். மஞ்சளும் வெள்ளையுமாகப் பீச் பழங்கள். கடல் மீன் தினமும் ஆற்று வழியாகப் படகில் வருகிறது. ஏரி மீன் தனி. சந்தையில் குவிந்து கிடக்கும் மீனைப் பார்த்தால் இவ்வளவும் எப்படி விற்கும் என்று தோன்றும், ஆனால் சில மணி நேரத்தில் ஒன்றும் மிச்சம் இருக்காது என்று வியக்கிறார். சதுக்கத்தைச் சுற்றி உயரமான வீடுகள், கீழ்த்தளம் முழுக்கக் கடைகள். அரிசியில் வடித்து, வாசனைப் பொருள் சேர்த்த மது விற்க மட்டுமே தனிக் கடைகள். பக்கத்துத் தெருக்களில் வைத்தியர்கள், ஜோசியர்கள், எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பவர்கள். விலைமகளிர் இருந்த தெருக்களையும் அவர் விடவில்லை.

நமக்குச் சம்பந்தப்பட்ட ஒரு கணக்கும் இருக்கிறது. சுங்க அதிகாரி ஒருவர் போலோவிடம், இந்த ஊருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் மிளகு 43 சுமை, ஒரு சுமை 223 பவுண்டு என்று சொன்னாராம். பெருக்கினால் 9,589 பவுண்டு. எந்த பவுண்டு என்பதைப் பொறுத்து மூன்று, நான்கு டன் வரும். ஒரு நாளைக்கு! அந்த மிளகு எங்கிருந்து போனது? ஜாவாவிலிருந்தும் நம் மேற்குக் கரையிலிருந்தும்தான். கிறிஸ்தவ நாடுகளுக்காக அலெக்சாண்ட்ரியாவுக்கு ஒரு மிளகுக் கப்பல் போனால், சீனாவின் ஜைதூன் துறைமுகத்துக்கு நூறு கப்பல் வருகிறது என்று இன்னொரு இடத்தில் சொல்கிறார். ஜைதூன் என்பது இன்றைய சுவான்சோ. அங்கே ஒரு சிவன் கோவில் கட்டியதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அதன் ஆண்டு 1281. போலோ சீனாவில் இருந்த அதே காலம்! நம் ஆட்கள் அங்கே கோவில் கட்டிக் கல்லில் தமிழ் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு போலோ ஊருக்குத் திரும்பக் கப்பல் ஏறியதும் அதே துறைமுகத்தில்தான்.

பச்சைத் தண்ணீர்க் குளியல்

பல தெருக்களில் பொதுக் குளியல் இடங்கள். உதவிக்கு ஆண் பெண் பணியாளர்கள். ஊர் மக்கள் சின்ன வயதிலிருந்தே பச்சைத் தண்ணீரில்தான் குளிக்கிறார்கள், அதுதான் உடம்புக்கு நல்லது என்கிறார்கள். தினமும் குளிக்காமல் சாப்பாட்டில் கை வைப்பதில்லை. குளிர்ந்த தண்ணீர் தாங்காத வெளிநாட்டுக்காரர்களுக்காகச் சுடுதண்ணீர் அறைகள் தனியாக வைத்திருக்கிறார்கள். போலோ எந்த அறைக்குப் போனார் என்று சொல்லவில்லை. ஊகிக்கலாம்!

பெரிய விஷயங்களைவிட இந்த மாதிரிச் சின்ன விஷயங்களில்தான் அவர்மேல் எனக்கு நம்பிக்கை வருகிறது. அரண்மனையைப் பற்றி யார் வேண்டுமானாலும் கேள்விப்பட்டு எழுதலாம். வெளியூர்க்காரனுக்குச் சுடுதண்ணீர் எங்கே கிடைக்கும் என்ற செய்தி அங்கே தங்கியவனுக்கு, அல்லது தங்கியவனிடம் பேசியவனுக்குத்தான் தெரியும்.

ஏரியில் ஒரு மாலை

ஊருக்கு மேற்கே இருக்கும் ஏரி இன்றும் இருக்கிறது. 2011ல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. போலோ காலத்தில் ஏரி நடுவே இரண்டு தீவுகள், இரண்டிலும் அரண்மனை மாதிரி மண்டபங்கள். கல்யாணம், விருந்து நடத்த நினைப்பவர்கள் அங்கே போய்விடுவார்கள். பாத்திரம், தட்டு, மேஜைத் துணி எல்லாம் அங்கேயே இருக்கும். சில சமயம் ஒரே நேரத்தில் நூறு விருந்துகூட நடக்குமாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லாமல். நம்மூர்க் கல்யாண மண்டபம்தான், தண்ணீர் நடுவில்!

பத்து, பதினைந்து, இருபது பேர் உட்காரும் படகுகள், உள்ளே வர்ணம் தீட்டிய அறைகள், ஜன்னல்கள். படகுக்காரர் மேல்தட்டில் நின்று கழியால் தள்ளுவார். ஊர்க்காரர்கள் வேலை முடிந்ததும் குடும்பத்தோடோ மற்றப் பெண்களோடோ ஏரியில் மிதந்துகொண்டு சாப்பிடுவதைத் தவிர வேறு நினைப்பே இல்லாதவர்கள் என்று எழுதுகிறார்.

கதவில் பெயர்ப் பட்டியல்

இனி கொஞ்சம் இருட்டான பக்கம்.

ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் வீட்டுக்காரர் தன் பெயர், மனைவி பெயர், பிள்ளைகள், அடிமைகள், வீட்டில் இருக்கும் அத்தனை பேர் பெயரையும் எழுதி வைக்க வேண்டும். கால்நடைகளின் கணக்கும் உண்டு. ஒருவர் இறந்தால் பெயரை அழிக்க வேண்டும், குழந்தை பிறந்தால் சேர்க்க வேண்டும். சத்திரக்காரர்கள் வந்து தங்குபவர்களின் பெயர், வந்த நாள், போன நாள் எல்லாம் குறித்துக்கொள்ள வேண்டும். புத்திசாலி ஆட்சியாளர்களுக்கு ஏற்ற நல்ல ஏற்பாடு என்று போலோ பாராட்டுகிறார்.

பாலத்துக்குப் பத்துக் காவலர், பகலில் ஐந்து பேர், இரவில் ஐந்து பேர். நேரத்தைக் கணக்கிட ஒரு கருவி, மணிக்கு மணி அதைத் தட்டிச் சொல்ல மரப்பறை. குறித்த நேரத்துக்குப் பிறகு ஒரு வீட்டில் விளக்கு எரிந்தால் கதவில் அடையாளம் போட்டுவிட்டுப் போவார்கள், காலையில் வீட்டுக்காரர் அதிகாரி முன் நிற்க வேண்டும். தீப்பிடித்தால்கூட இரவில் பொதுமக்கள் வெளியே வரக்கூடாது. பொருள் வைத்திருக்கும் சொந்தக்காரரும் காவலர்களும் மட்டும்தான் வரலாம்.

இதில் பாதி நியாயம் உண்டு. மரவீடுகள் நெருக்கமாக இருந்த ஊர். 1201ல் நடந்த தீ விபத்தில் சுமார் 52,000 வீடுகளும், 1208ல் நான்கு நாள் எரிந்த தீயில் சுமார் 58,000 வீடுகளும் அழிந்தன. சோங் அரசர்கள் காலத்திலேயே ஊர் முழுக்கக் கண்காணிப்புக் கோபுரங்களும் தீயணைப்பு வீரர்களும் இருந்தார்கள். வணிகர்கள் சரக்கை வைக்கச் சுற்றிலும் தண்ணீர் சூழ்ந்த கிடங்குகள் வாடகைக்குக் கிடைத்தன. அதனால் தீக்காவல் மங்கோலியர் கண்டுபிடிப்பு இல்லை.

மீதிப் பாதி? ஊர் கலகம் செய்யாமல் பார்த்துக்கொள்வதும் காவலர்களின் வேலை என்று போலோவே சொல்லிவிடுகிறார். அதாவது அது பிடிபட்ட நகரம். விளக்கைப் பார்த்துப் பயப்படுவது தீக்காக மட்டும் இல்லை. போலோ ஆட்சியாளர் பக்கம் நின்று பார்த்தவர். கதவில் இருந்த பட்டியல் அவருக்கு ஒழுங்காகத் தெரிந்தது. கதவுக்கு உள்ளே இருந்தவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

உள்ளூர்க்காரர் சொன்ன கின்சாய்

இங்கேதான் சீனக் குறிப்புகள் கைகொடுக்கின்றன. 13ம் நூற்றாண்டின் ஹாங்சோவை நேசித்து அங்கேயே வாழ்ந்த வூ ஸீமு என்பவர் எழுதிய புத்தகம் ஒன்று உண்டு. அடுப்பில் தினை வேகும் நேரத்துக்குள் ஒரு முழு வாழ்க்கையைக் கனவு கண்டு விழித்தவனின் பழைய கதையிலிருந்து புத்தகத்துக்குப் பெயர் வைத்திருக்கிறார். பெயரிலேயே வருத்தம் இருக்கிறது, இல்லையா?

அந்தக் காலக் குறிப்புகள் காட்டும் காலைப்பொழுது இப்படி. விடிவதற்கு முன் மடங்களில் மணி அடிக்கும். துறவிகள் இரும்புத் தகட்டையோ மர மீனையோ தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போவார்கள். பொழுது விடியப் போகிறது, இன்றைக்கு வானம் மேகமூட்டம், மழை என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவார்கள். வானிலை அறிக்கை வீட்டு வாசலுக்கே வந்த ஊர்! பிறகு காலை உணவுக் கடைகள் திறக்கும். சாப்பாட்டுக் கடைகளில் பணியாளர் பத்துப் பேர் கேட்ட பத்து விதத்தையும் மனதில் வைத்து, சமையல்காரருக்கு ராகமாகக் கூவிச் சொல்வார். நம்மூர் ஓட்டல்களில் கேட்ட குரல் மாதிரி இருக்கிறது அல்லவா?

ஒரு குடும்பத்துக்கு அன்றாடம் இல்லாமல் முடியாத ஏழு பொருள்கள் என்று வூ ஸீமு ஒரு பட்டியல் தருகிறார். விறகு, அரிசி, எண்ணெய், உப்பு, சோயா சாறு, வினிகர், தேநீர். நாம் 'உப்பு, புளி, மிளகாய்' என்று சொல்வது போல. இந்த ஏழில் கடைசியாக இருக்கும் தேநீரைப் பற்றி போலோ புத்தகத்தில் ஒரு வார்த்தை கிடையாது! ஓவியமும் பூவும் வைத்து அலங்கரித்த தேநீர்க் கடைகள் ஊர் முழுக்க இருந்தன. கேளிக்கை அரங்குகளில் கதை சொல்பவர்கள், பொம்மலாட்டம், நிழற்கூத்து. அச்சிட்ட புத்தகம் விற்கும் கடைகள். ஐரோப்பாவில் அச்சு வருவதற்கு நூற்றைம்பது வருடம் முன்பு. போலோ அதையும் சொல்லவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு குறிப்பு. சாதாரண மக்களின் வீடுகளில் கழிப்பறை கிடையாது, வாளிதான். அதைத் தினமும் வந்து காலி செய்துகொண்டு போகும் ஆட்கள் உண்டு. அது வயலுக்கு உரம், அதனால் காசு. ஒவ்வொருவருக்கும் தனித்தனி வாடிக்கை வீடுகள். ஒருவர் வாடிக்கையில் இன்னொருவர் புகுந்தால் பெரிய சண்டை வரும், வழக்கு மன்றம் வரை போய் ஜெயிக்கும் வரை விடமாட்டார்கள் என்கிறார் வூ ஸீமு. இதே ஊர் மக்களைப் பற்றித்தான் போலோ, இவர்கள் சண்டையே போடமாட்டார்கள், வீட்டில் ஆயுதம் வைப்பதில்லை, ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே குடும்பம் மாதிரி பழகுவார்கள் என்று எழுதுகிறார்!

இரண்டில் எது பொய்? இரண்டும் பொய் இல்லை. விருந்தாளிக்கு வீட்டின் முன்கூடம் தெரியும். வீட்டுக்காரருக்குக் கொல்லைப்புறமும் தெரியும். அதே சமயம், வடிகாலையும் சுடுதண்ணீரையும் வியந்து எழுத விருந்தாளி வேண்டியிருக்கிறது.

போலோ உண்மையிலேயே போனாரா?

தேநீர் இல்லை, அச்சு இல்லை, பெண்களின் கால்களைக் கட்டும் வழக்கம் இல்லை, பெருஞ்சுவர் இல்லை. அதனால் இவர் சீனாவுக்கே போகவில்லை என்று பிரான்சஸ் வுட் 1995ல் ஒரு புத்தகம் எழுதிப் பரபரப்பாக்கினார். பதில்களும் வந்தன. நாம் படத்தில் பார்க்கும் பெருஞ்சுவர் பெரும்பாலும் போலோவுக்குப் பிறகு வந்த மிங் வம்சத்தார் கட்டியது. காகிதப் பணம், உப்பு வரி பற்றி அவர் தரும் செய்திகள் சீன ஆவணங்களோடு நன்றாகப் பொருந்துகின்றன என்று ஹான்ஸ் உல்ரிச் ஃபோகல் 2013ல் விரிவாகக் காட்டினார். கானின் ஆட்களோடும் வெளிநாட்டு வணிகர்களோடும் பழகியவர் சீனர் வீட்டுத் தேநீரைக் கவனிக்காததில் ஆச்சரியம் இல்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

12,000 பாலம் மட்டும் கதைதான். ஊருக்கு உள்ளும் வெளியிலுமாகச் சுமார் 350 பாலங்கள் இருந்ததாகச் சீனக் குறிப்புகளிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள். ஆனால் 1320களில் அங்கே போன ஒடோரிக் என்ற பாதிரியாரும் அதே 12,000 என்கிறார். அந்த ஊரில் அப்படி ஒரு பேச்சு உலவியிருக்க வேண்டும். 1340களில் போன இபின் பதூதாவும் தான் பூமியில் பார்த்த ஊர்களில் இதுதான் பெரியது என்றார். டெல்லியையும் கெய்ரோவையும் பார்த்தவர் சொன்னது அது!

அந்த வயதான வணிகர்

போலோ முழுக்க முழுக்க ஜெயித்தவர் பக்கம் நின்று எழுதினார் என்று முடித்துவிட்டால் அது அவருக்கு அநியாயம். இரண்டு இடங்களில் அவர் கண்ணில் வேறு ஒன்று படுகிறது.

ஒன்று, இந்த மக்கள் வெளியூர் வணிகர்களிடம் அன்பாக இருக்கிறார்கள், வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள், யோசனை சொல்கிறார்கள். ஆனால் கானின் படைவீரர்களைக் கண்டால் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. தங்கள் சொந்த அரசர்களை இழந்தது இவர்களால்தான் என்று நினைக்கிறார்கள் என்கிறார். கானின் சம்பளம் வாங்கியவர் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்.

இன்னொன்று, பழைய அரண்மனை. போலோவை அங்கே அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டியவர் ஊரின் ஒரு பணக்கார வணிகர். வயதானவர். பழைய அரசரோடு நெருங்கிப் பழகியவர். இந்த மண்டபத்தில் விருந்து நடக்கும், இந்தத் தோட்டத்தில் மான்கள் திரியும், இந்தக் குளத்தங்கரையில் அரசர் உட்கார்ந்திருப்பார் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். முன்பக்க மண்டபங்கள் அப்படியே இருந்தன. அந்தப்புர அறைகள் இடிந்து கிடந்தன. தோட்டத்து மதில் விழுந்துவிட்டது. மரமும் இல்லை, மானும் இல்லை.

எனக்கு இந்தப் பகுதிதான் மொத்தப் புத்தகத்திலும் முக்கியமாகப் படுகிறது. சந்தையில் மீன் விற்றுத் தீர்கிறது. ஏரியில் படகு போகிறது. பார்த்தால் எதுவும் மாறவில்லை. ஒரு நாடு தோற்ற பிறகும் அன்றாட வாழ்க்கை நடந்துகொண்டேதான் இருக்கும். மக்கள் சாப்பிட வேண்டும், குளிக்க வேண்டும், வியாபாரம் பார்க்க வேண்டும். அதைப் பார்த்து 'இவர்களுக்கு ஒரு குறையும் இல்லை' என்று பயணி நினைத்துவிடலாம். அப்படி இல்லை என்று தெரிந்துகொள்ள அந்த ஊர்க்காரர் ஒருவர் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போக வேண்டியிருக்கிறது.

நம்மைப் பற்றியும் எழுதினார்

திரும்பும் வழியில் போலோ பாண்டிய நாட்டைப் பற்றியும் எழுதினார். ஐந்து சகோதரர்கள் ஆள்வது, குதிரை வியாபாரம், முத்துக்குளிப்பு எல்லாம் பாடப்புத்தகத்தில் வந்துவிட்டன. வராதவை சில. இந்த மக்கள் தினமும் இரண்டு முறை குளிக்கிறார்கள், குளிக்காமல் சாப்பிடுவதில்லை. தண்ணீர் குடிக்கும்போது பாத்திரம் உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொள்கிறார்கள். வெற்றிலை மெல்லுகிறார்கள். அரசன்கூடத் தரையில் உட்காருகிறான்.

அண்ணாந்து தண்ணீர் குடிப்பதை நம் புலவரோ கல்வெட்டு எழுதியவரோ ஒரு செய்தியாக நினைத்திருப்பார்களா? கல்வெட்டில் அரசனின் மெய்க்கீர்த்தி இருக்கும், நிலத்தின் எல்லை இருக்கும், கோவிலுக்கு விட்ட விளக்கின் கணக்கு இருக்கும். தண்ணீர் குடித்த விதம் இருக்காது. அது எல்லோருக்கும் தெரிந்தது, எழுத என்ன இருக்கிறது என்று விட்டுவிடுவார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான் முதலில் தொலைந்துபோகிறது. அதனால்தான் வூ ஸீமு மாதிரி ஆட்கள் அபூர்வம். தன் ஊர் கையை விட்டுப் போகிறது என்று தெரிந்த ஒருவர், விறகிலிருந்து வாளி காலி செய்பவர் வரை எழுதி வைத்துவிட்டார்.

இன்று ஹாங்சோ மீண்டும் ஒரு பெரிய வணிக நகரம். 1999ல் அலிபாபா நிறுவனம் தொடங்கியது அங்கேதான். காகிதத்தைப் பணமாக ஏற்றுக்கொள்கிறார்களே என்று போலோ வாயைப் பிளந்த நாட்டில், இப்போது காகிதப் பணமும் வேண்டாம் என்று செல்போனைக் காட்டிக் காய்கறி வாங்குகிறார்கள். படகுகள் இன்றும் ஏரியில் போகின்றன.

ஒரே ஒரு குறைதான். ஒவ்வொரு வீட்டுக் கதவிலும் அத்தனை பேர் பெயரும் எழுதியிருந்த நகரம் அது. இடிந்த அரண்மனையைச் சுற்றிக் காட்டிய அந்த வணிகரின் பெயரைப் போலோ எழுதி வைக்கவில்லை.